கனத்த உடம்புக்கு எந்த மண் வண்டி?

பட்டறைக்குள் வருகிறவர் வண்டியைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள் நான் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுவேன். கால் எவ்வளவு நீளம், உடம்பு எவ்வளவு எடை. அவர் எந்த கம்பெனி, எத்தனை சிசி என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் கண் அவருடைய முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில்தான் இருக்கும். டர்ட் பைக் வாங்குவதில் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

கோவையில் ஃபோர்க், ஷாக் வேலை செய்வது என் தொழில். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களுக்கு மண்ணில் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பனியன் கம்பெனி நடத்துபவர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள். சின்ன வயதில் டர்ட் பைக் ஆசை இருந்தது, அப்போது கையில் காசில்லை. இப்போது காசு இருக்கிறது, கூடவே உடம்பும் 95, 100, 110 கிலோ என்று வந்து நிற்கிறது.

இவர்களில் அநேகமாக எல்லோரும் ஒரே யோசனையை யாரிடமோ வாங்கிக்கொண்டு வருகிறார்கள்: "உங்க உடம்புக்கு சின்ன வண்டி பத்தாது, 400 சிசியாவது எடுங்க." இந்தத் தொழிலில் நான் கேட்ட யோசனைகளிலேயே அதிகம் பேரைக் கீழே தள்ளியது இதுதான். சொல்கிறவர் ரோட்டுக் கணக்கைச் சொல்கிறார். ஹைவேயில் 100 கிலோ ஆளை 100 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துப் போக எஞ்சினில் வலு வேண்டும், உண்மைதான். ஆனால் மண்ணில் புதிதாக ஓட்டுகிறவர் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும்தான் இருப்பார். வேகம் இருபது, முப்பதைத் தாண்டாது. அங்கே தேவைப்படுவது மெதுவாகப் போகும்போது எஞ்சின் அணையாமல் இழுக்கும் குணம்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. விழுந்த வண்டியை அவரேதான் தூக்க வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 158 கிலோ. கேடிஎம் 390 எண்டூரோ ஆர் 177 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 என்றால் 196 கிலோ. காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. சித்திரை வெயிலில், ஹெல்மெட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு, சரளைச் சரிவில் நாலாவது முறை குனியும்போது அந்த 40 கிலோ என்னவென்று தெரியும். கனமான ஆளுக்குத் தன் உடம்பைத் தூக்கி நிறுத்துவதே ஒரு வேலை, அதற்குமேல்தான் வண்டி. களைத்துப்போன பிறகு விழுகிற விழுகைதான் எலும்பை உடைக்கிறது. முதல் அரை மணி நேரத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசி அரை மணி நேரத்தில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. புதியவர் பயந்தால் கை இறுகும். வண்டி சட்டென்று முன்னால் பாயும்போது உடம்பு பின்னால் சரியும், ஹேண்டில்பாரைப் பிடித்த கை நீளும், மணிக்கட்டு கீழே மடங்கி ஆக்சிலரேட்டர் மேலும் திரும்பும். ஒல்லியான பையனால் இதைச் சமாளித்துவிட முடியும். 105 கிலோ உடம்பு பின்னால் போக ஆரம்பித்தால் அதைக் கையால் இழுத்து நிறுத்துவது கஷ்டம். அந்தக் கணத்தில் கீழே இருப்பது 19 குதிரைத்திறன் எஞ்சினா, 45 குதிரைத்திறன் எஞ்சினா என்பதுதான் வேலிக்கு முன்னால் நிற்கிறாரா, வேலிக்குள் போகிறாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதற்காக மிகச் சின்ன வண்டிக்கும் போகக்கூடாது. கவாஸாகி கேஎல்எக்ஸ் 140 நல்ல வண்டி, 100 கிலோவுக்குள்தான் எடை, விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கிவிடலாம். ஆனால் அதன் ஸ்பிரிங் இளவட்டங்களையும் இலகுவான உடம்பையும் மனதில் வைத்துச் செய்தது. மேட்டில் ஏறும்போது கனமான ஆள் கிளட்சைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும். மைதானத்தில் வட்டம் போடப் பழக அது போதும், அதற்குமேல் தாங்காது.

சிலர் நேராக மோட்டோகிராஸ் பந்தய வண்டிக்குத் தாவுகிறார்கள். கேஎக்ஸ் 250 மாதிரி வண்டியில் ஸ்பிரிங் கனமாக இருக்கும், சஸ்பென்ஷன் 300 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கி ஏறும், பார்த்தால் கனமான ஆளுக்கென்றே செய்தது போலத் தோன்றும். ஆனால் அதன் வலு முழுவதும் எஞ்சின் அலறும்போதுதான் வருகிறது. பராமரிப்பை மணிக்கணக்கில் எண்ண வேண்டும், எஞ்சின் ஆயில் சில மணி நேர ஓட்டத்துக்கே மாறும், பிஸ்டனுக்கும் மணிக்கணக்கு உண்டு. ரோட்டில் பதிவு செய்ய முடியாது, ஒவ்வொரு தடவையும் குட்டி யானை மினிலாரி பிடித்து ஏற்றிப் போக வேண்டும். முதல் வண்டிக்கு இது சரிப்படாது.

மீதமிருப்பது 200-லிருந்து 230 சிசி வரை, காற்றிலோ ஆயிலிலோ ஆறும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தபோது இங்கே மண்ணுக்கென்று ஒரு வண்டியை யாரும் எதிர்பார்க்கவில்லை, அது அதிக நாள் நிலைக்கவும் இல்லை. 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகுதான் நம் ஊர் ஆட்கள் வாங்கக்கூடிய விலையில் நிஜமான மண் வண்டி கிடைத்தது. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 அதைவிட இலகு, 139 கிலோ. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் கனமான புதியவருக்கு எக்ஸ்பல்ஸைச் சொல்வேன். விழுந்தால் உடையும் சாமான் எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் கழற்றி மாட்டுவார்கள், மேலே கீறல் விழுந்தாலும் மனசு பதறாது. மனசு பதறாத வண்டியில்தான் மனிதன் கற்றுக்கொள்கிறான்.

"என்னங்ணா, 108 கிலோவுக்கு இந்த 200 வண்டி தாங்குமா?" என்று பல்லடம் பக்கத்திலிருந்து வந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார். எஞ்சின் தாங்கும், ஸ்பிரிங் தாங்காது என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஸ்பிரிங் தாங்காவிட்டால் வண்டியே தாங்காதது மாதிரிதானே என்றார். அதற்கு ஒரு டேப்பும் பத்து நிமிஷமும் போதும் என்று வண்டியை உள்ளே தள்ளச் சொன்னேன்.

இந்த அளவெடுப்பை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வண்டியை ஸ்டாண்டில் தூக்கிப் பின்சக்கரம் தரையில் படாமல் நிறுத்த வேண்டும். பின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே, மட்கார்டு ஓரத்தில் ஒரு டேப் ஒட்டி அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏறாமல், பின்பக்கத்தை லேசாக அமுக்கி விட்டு மறுபடி அளக்க வேண்டும். வண்டி தன் சொந்த எடையில் எவ்வளவு உட்காருகிறது என்பது இது. கடைசியாக ஆள் ஏறி, ஃபுட்ரெஸ்டில் இரண்டு காலையும் வைத்து, ஓட்டும்போது உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்து அளக்க வேண்டும். இதற்கு முழுக் கவசமும் போட்டிருக்க வேண்டும். பூட்ஸ், முழங்கால் கவசம், மார்புக் கவசம், ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் எட்டு, பத்து கிலோ வந்துவிடும். லுங்கியோடு ஏறி அளந்துவிட்டுக் கவசத்தோடு ஓட்டினால் கணக்குத் தப்பும்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் பின்சக்கரம் மொத்தம் 170 மில்லிமீட்டர் மேலும் கீழும் போகும். ஆள் ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 மில்லிமீட்டரை ஒட்டி உட்கார்ந்தால் சரி. நம் பண்ணைக்காரர் ஏறியதும் 80 உட்கார்ந்தது. பாதித் தூரம் அப்படியே போய்விட்டது. அவர் வண்டியின் ஹெட்லைட் மரக்கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்சக்கரத்தில் எடை குறையும், ஃபோர்க்கின் சாய்வு கூடும், வளைவில் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்காமல் நழுவும். இதையெல்லாம் அறியாத புதியவர் தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். நல்ல மனுஷர்கள் பலர் இப்படித்தான் வண்டியை விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இங்கேதான் பெரும்பாலான மெக்கானிக்குகள் ஷாக்கின் பிரீலோடைக் கடைசிப் படிவரை திருகிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நானும் அவர் கண்முன்னால் அதைச் செய்து காட்டினேன். 80 என்பது 64 ஆனது. அவர் முகம் மலர்ந்தது. இப்போது கீழே இறங்குங்க, வண்டி மட்டும் எவ்வளவு உட்காருதுன்னு பார்க்கலாம் என்றேன். முன்பு 22 இருந்தது, இப்போது 6. அதாவது ஸ்பிரிங் ஏற்கெனவே நசுங்கியபடி உட்கார்ந்திருக்கிறது, வண்டி ஏறக்குறைய முழு உயரத்தில் விறைத்து நிற்கிறது. குழிக்குள் சக்கரம் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காது, வண்டி தாவும், பின்பக்கம் உதைக்கும். இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் முதல் எண்ணை மட்டும் பார்த்து ஸ்பிரிங்கை முடிவு செய்யக்கூடாது. பிரீலோட் திருகுவதால் ஸ்பிரிங்கின் கனம் மாறுவதில்லை. அது புறப்படும் இடம்தான் மாறுகிறது. ஆள் ஏறினால் அதிகம் உட்கார்ந்து, திருகிச் சரிசெய்ததும் ஆள் ஏறாதபோது கொஞ்சமும் உட்காரவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் அந்த உடம்புக்கு மெல்லியது.

ஸ்பிரிங் மாற்ற கோவையைவிட வசதியான ஊர் இல்லை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் லேத் ஓடும். ஸ்பிரிங் சுற்றித் தருபவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவில் பாதிகூட ஆகாது. ஆனால் கணக்குத் தெரிந்து சொல்ல வேண்டும். கம்பியின் தடிமன் கொஞ்சம் கூடினாலும் ஸ்பிரிங்கின் விறைப்பு பல மடங்கு வேகமாகக் கூடும், ஏனென்றால் அது தடிமனின் நாலாவது அடுக்கில் ஏறுகிறது. சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் மாறாமல் 11 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 12 போட்டால் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். "கொஞ்சம் தடியாப் போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் கட்டில் சட்டம் போல ஒரு ஸ்பிரிங் கிடைக்கும். சுற்றி வந்ததைத் தராசின் மேல் வைத்து, பிரஸ்ஸால் ஒவ்வொரு 10 மில்லிமீட்டராக அமுக்கி, எத்தனை கிலோ காட்டுகிறது என்று எழுதிப் பார்த்த பிறகுதான் நான் மாட்டுவேன். பண்ணைக்காரர் வண்டியில் புது ஸ்பிரிங் போட்ட பிறகு வண்டி மட்டும் 15 உட்கார்ந்தது, அவரோடு சேர்ந்து 56. ஸ்பிரிங் கனத்தால் அது திரும்பி எழும் வேகமும் கூடும், அதனால் ஷாக்கைத் திறந்து உள்ளே உள்ள ரீபவுண்டையும் அடக்கினேன். இதைச் செய்யாமல் விட்டால் புது ஸ்பிரிங் ஆளைத் தூக்கி எறியும்.

முன் ஃபோர்க்கிலும் இதே கதைதான். கனமான ஆயில் ஊற்றினால் எடையைத் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் வேரோடிக் கிடக்கிறது. ஆயில் அசைவின் வேகத்தை மட்டுப்படுத்தும், எடையைத் தாங்குவது ஸ்பிரிங்தான். ஆயில் அளவை உயர்த்தினால் உள்ளே அடைபட்ட காற்று கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் முட்டுக் கொடுக்கும், அவ்வளவே.

இங்கே ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஸ்பிரிங்கைச் சரிசெய்ததும் வண்டி உயர்ந்துவிடும். முன்பு கால் முழுதாகத் தரையில் பட்டுக்கொண்டிருந்தவருக்கு இப்போது முன்பாதம்தான் படும். பண்ணைக்காரர் ஐந்தடி ஏழு அங்குலம், அவருக்கு இது திகைப்பாக இருந்தது. சீட்டின் ஃபோமை ஓரங்களில் செதுக்கி ஒடுக்கிக் கொடுத்தோம், கால் நேராக இறங்கியது. இதற்காக ஷாக் லிங்கை மாற்றி வண்டியையே தாழ்த்துகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. மண் வண்டியின் உயரத்தைக் குறைத்தால் எஞ்சின் அடியில் கல் அடிக்கும். ஒரு காலின் முன்பாதம் உறுதியாகப் பட்டால் போதும், நிற்கும்போது இடுப்பை ஒரு பக்கம் நகர்த்திக்கொள்ளப் பழகிவிடலாம்.

பெரிய ஆள் என்றால் எல்லோரும் எடையை மட்டும் நினைக்கிறார்கள். உயரமானவரின் பிரச்சினையே வேறு. ஆறடி மூன்று அங்குலம் உயரமுள்ள ஒரு வாலிபால் பயிற்சியாளர் வந்தார், எடை 84 கிலோதான். அவருக்கு ஸ்பிரிங்கில் நான் கைவைக்கவே இல்லை. அவர் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபோதுதான் கோளாறு தெரிந்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்க இடுப்பிலிருந்து குனிந்தார், முழங்கால் டாங்குக்கு மேலே போய்விட்டது. மண்ணில் பாதி நேரம் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். இப்படிக் குனிந்து நின்றால் பத்து நிமிஷத்தில் முதுகு கெஞ்சும், ஆள் உட்கார்ந்துவிடுவார், உட்கார்ந்ததும் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இறங்கும். இவருக்கு ஹேண்டில்பாரை மேலே தூக்கும் 30 மில்லிமீட்டர் ரைசர், உயரமான ஹேண்டில்பார், கொஞ்சம் தாழ்த்திய அகலமான ஃபுட்ரெஸ்ட், உயரமான சீட். கேபிளும் பிரேக் ஹோஸும் அந்த உயரத்துக்கு எட்டுகிறதா என்று ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். இவரைப் போன்றவருக்கு எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ நேராகவே பொருந்தும். சீட் உயரம் 891 மில்லிமீட்டர், முன்னால் 250, பின்னால் 220 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் அசைவு, அதையும் நம் தேவைக்குத் திருகிக்கொள்ளலாம். அதே வண்டியில் பண்ணைக்காரரை ஏற்றியிருந்தால் சிக்னலில் நிற்கவே பயந்திருப்பார்.

இரண்டு பேருக்கும் பொதுவான சின்ன வேலைகள் சில உண்டு, காசும் அதிகம் ஆகாது. முன் ஸ்பிராக்கெட்டில் 13 பல் இருந்தால் 12 போடலாம். சக்கரத்துக்குப் போகும் இழுவை 8 சதவீதம் கூடும், மேட்டில் கிளட்ச் பிழைக்கும், ரோட்டில் உச்ச வேகம் கொஞ்சம் குறையும். டர்ட் பூட்ஸின் அடிப்பாகம் தடித்தது, அதைப் போட்டுக்கொண்டு கியர் லீவருக்கு அடியில் காலே நுழையாது. லீவரைக் கழற்றி ஒரு பல் மேலே தள்ளி மாட்ட வேண்டும். கியர் மாட்டேன் என்கிறது, வண்டி சரியில்லை என்று வந்த எத்தனையோ பேருக்கு நான் செய்த வைத்தியம் இது மட்டும்தான். டயர் காற்றை மெலிந்த ஆட்கள் 12 பிஎஸ்ஐ வரை இறக்குவார்கள். கனமானவர் அதைப் பார்த்துச் செய்தால் கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டையாகும். 18-லேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், பிடிப்புக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

பழைய வண்டி வாங்குவதானால் ஃபோர்க் குழாயில் புள்ளி விழுந்திருக்கிறதா, ஸ்போக் தளர்ந்திருக்கிறதா, ஹேண்டில் கோனில் ஆட்டம் இருக்கிறதா, ஃபிரேம் தலைப்பகுதி வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். விரிசல் விட்ட ஃபிரேமை 100 கிலோ ஆள் நம்பக்கூடாது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் எங்காவது பயிற்சிக்குப் போய்வரச் சொல்வேன். 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், கோலார் பக்கம் பிக் ராக் டர்ட் பார்க் என்று ஒரு பயிற்சிக்களம் தொடங்கினார். கோவையிலிருந்து இரவு கிளம்பினால் காலையில் போய்ச் சேரலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் மண்ணில் ஒரு நாள் முழுக்கப் புரண்டு எழுந்தவருக்குத் தன் உடம்பு எதைக் கேட்கிறது என்று தானே தெரிந்துவிடும், ஷோரூமில் யார் பேச்சுக்கும் மயங்க மாட்டார். பழகுவதற்கு நம் பக்கத்தில் தரிசு நிலங்கள் எவ்வளவோ இருக்கின்றன, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. மலையடிவாரக் காட்டுக்குள் மட்டும் வண்டியை விடாதீர்கள். ஒதுக்கப்பட்ட காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், அது யானை நடக்கும் தடம், அங்கே நம் சத்தத்துக்கு இடமில்லை.

கையில் இருக்கும் பணத்தை மொத்தமாக வண்டியிலேயே கொட்டிவிடாதீர்கள் என்பதுதான் கனமான ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது. 200 சிசி வண்டியை எடுங்கள். மிஞ்சுவதில் உங்கள் எடைக்குச் சரியான ஸ்பிரிங்கை முன்னும் பின்னும் போடுங்கள். அதற்கடுத்த செலவு பூட்ஸுக்கும் முழங்கால் கவசத்துக்கும் போகட்டும். உங்கள் அளவு பூட்ஸ் கடையில் இருக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கும். அது வந்து சேரும்வரை வண்டியை மண்ணில் இறக்காதீர்கள்.